மற்றக் குழாய்

என் இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாய்களில் இரண்டு அடைத்திருந்தன. இது என் கணவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், மச்சாளுக்குத் தெரியும், எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை செபமாலை சொல்லும் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஒன்றுதான், அதையும் திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஏழு கிழமை திரிந்தேன். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. யார்மேல் என்பதுதான் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் நடந்தது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில், ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் லைனில் பதினொரு வருடமாக நின்றுகொண்டிருந்தேன். குளிசை அட்டைகள் வரும், பெட்டிக்குள் போகும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மடித்த தாள் ஒன்று போகும். இந்தக் குளிசை என்ன செய்யும், என்ன கெடுதல் வரலாம் என்று அதில் இரண்டு பாஷையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒரு பெட்டியில் தாள் இல்லை என்றால் லைனை நிறுத்திவிடுவார்கள். எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வரைக்கும் ஒரு பெட்டியும் வெளியே போகாது.

பெப்ரவரியில் ஒரு காலை, தாடை நொந்தது. பிறகு தோள்மூட்டு. வாய்வு என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கு எதுவென்றாலும் வாய்வுதான். வீட்டிலிருந்து இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன், அதைக் குடித்துவிட்டு மறுபடி லைனில் போய் நின்றேன். வேர்வை சட்டை முதுகை நனைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஹெயிட்டிக்காரி என் முகத்தைப் பார்த்தாள். எட்டிச் சிவப்புப் பொத்தானை அமத்தி லைனை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் என்னை ஒடுக்கமான மேசை ஒன்றில் கிடத்தினார்கள். நெஞ்சு இடிக்கிறது, இவர்கள் என் வலது கை மணிக்கட்டைத் துடைக்கிறார்கள். நோ நெஞ்சில், ஊசி கையில். ஆள் மாறிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். தலைக்கு மேலே பெரிய இயந்திரம் ஒன்று இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போனது. யாரோ பிரெஞ்சில் "சா வா, மதாம்?", சுகமா என்று கேட்டார்கள். நான் "வி", ஓம் என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் வி என்றுதான் சொல்வேன். உடம்புக்குள் சூடு ஒன்று ஓடியது. பிறகு, நெஞ்சில் ஏறி நின்ற ஒருவர் இறங்கிப் போனதுபோல நோ போய்விட்டது. ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. கைவழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரைக்கும் விட்டு, அடைப்புக்குள் சின்னப் பலூனை ஊதி, அந்த இடத்தில் ஒரு கம்பி வலையை வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, நோ போனது மட்டும்தான்.

மறுநாள் டொக்டர் வந்தார். கட்டிலடியில் என் கணவரும் மகளும் நின்றார்கள். மகளுக்கு அப்போது இருபத்தொரு வயது, பிரெஞ்சில் படித்தவள். டொக்டர் ஒரு தாளில் இதயம் கீறினார். அதன்மேல் குழாய்கள் கீறினார். இரண்டு இடத்தில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டார். போட்டுக்கொண்டே மகளைப் பார்த்துப் பேசினார். அவள் கேள்வி கேட்டாள், அவர் பதில் சொன்னார். இடையில் கணவர் அவள் காதில் ஏதோ சொன்னார். டொக்டர் தாளை என் போர்வைமேல் வைத்துவிட்டு, காலைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்னவாம்?" என்றேன்.

"எல்லாம் ஓகேயாம் அம்மா. அடைப்பைத் திறந்தாச்சாம். வலை மாதிரி ஒண்டு வைச்சிருக்கினமாம்."

"இதைச் சொல்லவோ இவ்வளவு நேரம்?"

"அவர் ஆறுதலாக் கதைக்கிறவர்."

"அப்ப ஏன் ரெண்டு புள்ளடி?"

மகள் தகப்பனைப் பார்த்தாள். அவர் உடனே சொன்னார்: "ஒண்டு அடைச்ச இடம். மற்றது வலை வைச்ச இடம்."

"அடைச்ச இடத்திலைதானே வலையை வைக்கிறது? வேறை இடத்திலை வைச்சு என்ன பிரயோசனம்?"

"இஞ்சேரும், நீர் இப்ப கனக்கக் கதைக்கக் கூடாது. பேசாமல் படும்."

படுத்தேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு மண்டை குழம்பத் தொடங்கியது. நான் சுகமாகிவிட்டேன் என்று சொல்கிறார்கள். ஆனால் ஒருவரும் சுகமான ஆளோடு பழகுவதுபோல என்னோடு பழகவில்லை. இருபத்தாறு வருடமாக ஒரு கோப்பை கழுவாத மனுஷன் வீடு கூட்டினார். தபால் பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தரம் போய்ப் பார்த்தார். "ஏதும் கடிதம் வந்ததோ?" என்று கேட்பார். "ஆர் உங்களுக்குக் கடிதம் போடுறது?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு என்ன கடிதம், எவள் எழுதுகிறாள் என்றுகூட என் புத்தி போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போனது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருந்து மச்சாள், என் கணவரின் தங்கச்சி, கிழமைக்கு ஒரு நாள் மெட்ரோ ஏறி ஆட்டெலும்பு சூப்போடு வருவாள். என்னைப் பார்த்தவுடன் கண் கலங்கும்.

"உமக்கென்ன விசரே? நான் செத்தே போனன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐயோ மச்சாள், அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்று ஓடிப்போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செபமாலைப் பெண்கள் எங்கள் வீட்டுக்கே வந்து செபமாலை சொன்னார்கள். நான் தேத்தண்ணித் தட்டை எடுத்தால் கையிலிருந்து பறிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் "முழுமையான சுகத்துக்காக" மன்றாட்டு வாசித்தார்கள். வெளியே வந்து கணவரிடம் கேட்டேன்: "எனக்குத்தான் சுகம் வந்திட்டுதே, பிறகேன் மன்றாட்டு?"

"மேலதிகமா இருக்கட்டும்" என்றார்.

ஐந்தாவது கிழமை, பகலில் நான் தனியே இருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். பிரெஞ்சில் தொடங்கி, எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்ததும் ஆங்கிலத்துக்கு வந்தாள். உங்களுக்கு நாள் வைத்திருக்கிறோம், அதே சிகிச்சைக்கு, அடுத்த மாதம் இன்ன திகதி, வருவீர்களா என்று கேட்டாள். அதுவரைக்கும் எனக்கு நன்றாக விளங்கியது. லைனில் நின்று படித்த ஆங்கிலம் அதற்குப் போதும்.

நான் சிரித்துவிட்டேன். இவர்கள் தங்கள் புத்தகத்தில் என் பெயரை வெட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "ஐ ஃபினிஷ்" என்றேன். "ஆல்ரெடி ஃபினிஷ். கான்சல். கிவ் அதர் பீப்பிள்." அவள் இரண்டு தரம் கேட்டாள், நிச்சயமா மதாம், நிச்சயமா என்று. நிச்சயம் என்று இரண்டு தரமும் சொன்னேன். வைத்துவிட்டுச் சந்தோஷப்பட்டேன். யாரோ ஒரு வருத்தக்காரருக்கு இடம் கிடைத்தது, எங்கள் பெயரால் ஒரு புண்ணியம் என்று. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது?

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பெண்கள் இருந்து ஓலையில் சிலுவை மடிப்பது வழக்கம். நானும் போனேன். ஓலை வந்த பெட்டி ஒன்று மூலையில் இருந்தது. பெரிய பாரம் ஒன்றுமில்லை, தொழிற்சாலையில் இதைவிட மூன்று மடங்கு தூக்குவேன். குனிந்து தூக்கினேன். மண்டபத்தின் அடுத்த கரையிலிருந்து ஒரு மன்னார் அக்கா, தொண்டை பெரிய மனுஷி, கத்தினார்:

"ஐயோ, வையுங்கோ கீழை! மற்றக் குழாய் இன்னும் திறக்கேல்லையெல்லே!"

நான் பெட்டியோடு நிமிர்ந்தேன். "எந்தக் குழாய்?"

இருபது பெண்கள் ஓலையைக் கையில் பிடித்தபடி குனிந்துகொண்டார்கள். அக்கா வாயில் கையை வைத்தார். ஓலை மடிக்க வந்திருந்த மச்சாள் அங்கேயே அழத் தொடங்கினாள். எனக்கு அப்போது தாளில் இருந்த இரண்டாவது புள்ளடி ஞாபகம் வந்தது. பெட்டியைக் கீழே வைத்தேன், மெதுவாக வைத்தேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு பொருளை மெதுவாக வைத்தேன்.

வீட்டுக்குப் போனபோது கணவர் தபால் பெட்டியடியில் நின்றார்.

"மற்றக் குழாய் எப்பவாம் திறக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஆர் சொல்லேல்லை எண்டு கேளுங்கோ. கோயில் முழுக்கத் தெரியும். பூசை வைக்கிற சாமிக்குத் தெரியும். ஓலை மடிக்கிறவளுக்குத் தெரியும். நெஞ்சு என்ரை நெஞ்சு, எனக்குத் தெரியாது!"

"நீர் பயந்து சாவீர் எண்டுதான் சொல்லேல்லை. மற்றது கொஞ்சம் சிக்கலான இடமாம். முதலாவது ஆறினாப் பிறகு செய்யிறதெண்டு சொன்னவர். நாள் வரட்டும், செக்கப் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு இருந்தனான். அந்தக் கடிதத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"அவை ரெலிபோன் எடுத்தவை" என்றேன். "நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்ன செய்தனீர்?"

"வேறை ஆருக்கும் குடுங்கோ எண்டு சொன்னனான்."

அவர் படியிலே இருந்துவிட்டார். மேலே கதவு திறந்து மகள் வந்தாள். "நான் அண்டைக்கே சொல்லுவம் எண்டனான், அப்பாதான் வேண்டாம் எண்டவர்" என்று தொடங்கினாள், பிறகு பிரெஞ்சுக்குப் போய்விட்டாள். அழுகை வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். நான் இருவரையும் திட்டினேன். ஒரு பெட்டிக்குள் தாள் வைக்காவிட்டால் லைனை நிறுத்துவார்கள், என்னைத் தாள் வைக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்களே என்று திட்டினேன். கீழ்வீட்டுக்காரன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினான்.

என் கணவர் அதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "உம்மட அண்ணைக்கு நீர் சொன்னீரோ?"

என் மூத்த அண்ணை ரொறன்ரோவில் இருந்தவர். அவருக்கு வந்தது புற்றுநோய். குடற்புண் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். நான் பஸ் ஏறிப் போய், கட்டிலடியில் இருந்து, "உறைப்பைக் குறையுங்கோ அண்ணை, புண் ஆறீடும்" என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். ஆறு மாதம் அவர் உறைப்பில்லாமல் சாப்பிட்டார். கடைசி மாதத்தில், "இவ்வளவு பத்தியம் பாத்தும் ஏன் பிள்ளை ஆறேல்லை?" என்று என்னைக் கேட்டார். நான் அவருக்குத் தலையணையைச் சரிபண்ணினேன்.

படியில் இருந்த கணவரைத் தாண்டினேன். மேலே போய்ச் சோறு வைத்தேன். இப்போதும் யோசித்தால் இந்த இடத்தில்தான் என் கோபம் இடறி விழுகிறது.

திங்கட்கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், மறுபடி வரிசையில் காத்திருக்க வேண்டுமாம். கொடுக்கச் சொன்னது நான்தானே. அந்த ஆளை நினைத்துப் பார்த்தேன். ஆணோ பெண்ணோ, என்னுடைய நாளில் என்னுடைய மேசையில் படுக்கப் போகிறார். அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, புண்ணியம் செய்தேன் என்று ஆறவும் முடியவில்லை.

மறுநாள் மகளையும் இழுத்துக்கொண்டு நேரே போனேன். தாளையும் கொண்டுபோனேன். காலையிலிருந்து இருந்து, மத்தியானம் கழிந்த பிறகு டொக்டர் வந்தார். தான் கீறிய இதயத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், யார் ரத்துச் செய்தது என்று கேட்டார். நான் வகுப்பில்போலக் கையை உயர்த்தினேன். அவர் மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். குரல் கடுமையாக இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் இடையில் புகுந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நொட் ஹேர் ஃபோல்ட், ஹஸ்பண்ட் சே, ஆல் ஃபமிலி சே, அவர் பீப்பிள் லைக் திஸ்" என்றேன். மூன்று நாளாக நான் திட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்காக அவரிடம் வழக்காடிக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது அந்த மனுஷன் கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு இருந்தார். இரண்டு விரலை நிமிர்த்தினார். ஒன்றை மடக்கி, இது திறந்தாயிற்று என்றார். மற்றதை ஆட்டி, இது திறக்கவில்லை என்றார். பாரம் தூக்காதே, வேலைக்குப் போகாதே, குளிசையை ஒரு நாளும் விடாதே, நொந்தால் உடனே அம்புலன்ஸ் கூப்பிடு. சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொன்றும் எனக்கு விளங்கியது. இரண்டு நிமிடம் எடுக்கவில்லை. ஏழு கிழமைக்கு முன்னமே இப்படி என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே! அவரும்தான் மகளைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார். எங்கள் வீட்டாரை மட்டும் நான் ஏன் திட்டினேன்?

மூன்று கிழமை தள்ளி நாள் கொடுத்தார்கள். அந்த மூன்று கிழமையை நான் இன்னொரு முறை வாழ மாட்டேன். தெரியாத நாட்களில் நான் நிலக்கீழ் அறையிலிருந்து உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு படி ஏறினேன், ஒருவரும் பார்க்காத நேரம் வாசல் படியில் உறைபனி கொத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. தெரிந்த பிறகு, ஒரு வாய்வு ஏவறை வந்தாலும் நின்று யோசித்தேன். கைபிடியைப் பிடிக்காமல் ஒரு படி ஏறவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது, இங்கே விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஆட்களை எண்ணினேன். சொல்லாமலே விட்டிருக்கலாமோ என்று ஒருநாள் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த நாள் காலையில், உள்ளே கொண்டுபோக முன்னர், கையெழுத்து வாங்க வந்தார்கள். முதல் தரமும் நான்தான் கையெழுத்துப் போட்டேனாம். போட்டதே எனக்கு நினைவில்லை. கணவரைப் பார்த்து, "நீங்கள் வெளியிலை நில்லுங்கோ" என்றேன்.

"நானும் நிண்டால் என்ன?"

"நீங்கள் நிண்டால் இவள் பிள்ளை உங்கடை முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் சொல்லுவாள். போங்கோ."

போனார். மகளிடம், "டொக்டர் சொல்லுறதை ஒண்டும் விடாமல் சொல்லு. நல்லதையும் சொல்லு, கூடாததையும் சொல்லு" என்றேன்.

டொக்டர் ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார். அவள் தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள். குழாய் இரண்டாகப் பிரிகிற இடமாம். வலை வைக்கும்போது மற்றக் கிளை அடைபடலாமாம். குழாய் கிழியலாமாம். அப்படி வந்தால் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்ய வேண்டி வருமாம். செய்யாமல் குளிசையோடு விடவும் ஏலுமாம், ஆனால் அவர் செய்யச் சொல்கிறாராம். பிறகு டொக்டர் சின்ன வசனம் ஒன்று சொன்னார்.

"என்னவாம்?"

"அம்மா..."

"சொல்லு பிள்ளை."

"ஆக்கள் இதிலை சாகிறதும் இருக்காம். குறைவாம். ஆனால் இருக்காம்."

அவளுடைய கை என் கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் இவளிடம் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. தாய்க்கு அதைச் சொல்லச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்பது நல்ல காரியமில்லை. சொல்லாமல் விட்டதும் நல்ல காரியமில்லை. வேறு என்ன செய்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த முறை திரையைப் பார்த்தேன். மருந்து போனதும் குழாய்கள் கறுப்பாகத் தெரிந்தன. ஒரு இடத்தில் மட்டும் நூலளவு. பலூன் ஊதியபோது நெஞ்சு பழையபடி இறுகியது. எனக்கு அது என்னவென்று தெரிந்திருந்ததால் கத்தாமல் கிடந்தேன். பிறகு நூல் குழாயானது. இரண்டு கிளையிலும் கறுப்பு ஓடியது.

"ஃபினிஷ்?" என்று கேட்டேன்.

"ஃபினிஷ்" என்றார் டொக்டர்.

"நோ அதர்?"

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு திரையில், கீழே, சின்னக் குழாய் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அங்கே கொஞ்சம் ஒடுக்கமாம். வலை தேவையில்லையாம். குளிசை, நடை, பார்த்துக்கொண்டிருப்போம் என்றார். நான் கேட்காவிட்டால் சொல்லியிருப்பாரோ, அதுவும் தெரியாது.

வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது என் கணவர் நடையின் நடுவில் நின்றார். கையில் என் சப்பாத்துப் போட்ட பை. நேரே மகளிடம் போனார். "என்னவாம்?"

"என்னட்டைக் கேளுங்கோ" என்றேன். "அவளுக்கு ஒண்டும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

கட்டிலடிக்கு வந்தார். முகம் சாம்பல் பிடித்துப் போயிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடித்திருக்க மாட்டார்.

"எல்லாம் சரி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் அதுதான் வந்தது.

மகள் என்னைப் பார்த்தாள்.

"இல்லை, பொறுங்கோ" என்றேன். "எல்லாம் சரியில்லை. ரெண்டாவதைத் திறந்தாச்சு. இன்னுமொண்டு சின்னனா இருக்காம். குளிசையோடை விடலாமாம்."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்தார். "எங்கை?"

வலது கை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இடது கையைத் தூக்கி என் நெஞ்சில் ஒரு இடத்தைக் காட்டினேன். சரியான இடத்தைத்தான் காட்டினேனா என்பது எனக்குத் தெரியாது.